கல்பாசியின் அடியில் மரப்பட்டை ஒட்டியிருக்கிறது, கலப்படமா?

செட்டிநாட்டுக்கரண்டி:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டிலேயே மசாலாப் பொடி அரைத்துத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவருகிறேன். இந்த முறை கல்பாசியை மொத்தமாக வாங்கினேன். முறத்தில் கொட்டிப் பொறுக்கும்போது பார்த்தால் நிறையத் துண்டுகளின் அடியில் மரப்பட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிலவற்றில் சின்னச் சுள்ளியே இருக்கிறது. பாறையில் வளர்வது என்றுதான் இவ்வளவு காலம் கேள்விப்பட்டிருக்கிறேன். எடை கூட்டுவதற்காகக் கலக்கிறார்களா?

இன்னொரு சந்தேகம். எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இல்லை. சில துண்டுகள் அகலமாக, மேலே சாம்பல், கீழே கறுப்பு. சில ஒல்லியாக, நீளமாக, நுனி பிரிந்து பிரிந்து இருக்கின்றன. நூல் நூலாகவும் கொஞ்சம் கிடக்கிறது. எல்லாமே கல்பாசிதானா? சேர்த்து அரைக்கலாமா?

மளிகைத்தம்பி:
அக்கா, கலப்படம் இல்லை. எங்கள் கடைக்கு வரும் மூட்டையிலும் பட்டை, சுள்ளி, காய்ந்த இலை எல்லாம் இருக்கும். வடக்கே இமயமலைப் பக்கத்திலிருந்து பல கை மாறித்தான் இங்கே வருகிறது. நாங்கள் சலித்துப் பொறுக்கிப் பிரிப்போம். அகலமாக, முழுசாக இருப்பது முதல் ரகம். பொடிந்தது அடுத்த ரகம். பட்டையைக் கிள்ளி எடுத்துவிட்டு அரையுங்கள். மற்ற விவரம் மலைக்காரர்கள் யாராவது சொல்லட்டும்.

கோடநாட்டுமூடுபனி:
பட்டை இருப்பதுதான் இயல்பு. நாம் கல்பாசி என்று வாங்குவதில் பெரும்பகுதி மரத்தில் வளர்ந்ததுதான். பாறையிலும் வளரும், ஆனால் குளிர்ந்த மலைக்காட்டு மரங்கள்தான் அதன் முக்கியமான வீடு. கோத்தகிரிக்கு மேலே எந்தச் சோலைக்குள் போனாலும் அடிமரம், கிளை, சுள்ளி என்று எங்கும் அதையும் அதன் உறவினங்களையும் பார்க்கலாம்.

அகலமான துண்டு பார்மோட்ரீமா இனமாக இருக்க வாய்ப்பு அதிகம். புத்தகங்களில் கல்பாசி என்று குறிப்பிடப்படுவது பார்மோட்ரீமா பெர்லேட்டம். பழைய இந்திய நூல்களில் பார்மீலியா பெர்லேட்டா என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். இங்கிலாந்தில் வில்லியம் ஹட்சன் என்பவர் 1762ஆம் ஆண்டிலேயே இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்திவிட்டார். அந்த நாட்டின் தென்மேற்குப் பகுதியில், ஈரக்காற்று வீசும் இடங்களில், மரங்களில் இன்றும் சாதாரணமாகப் பார்க்கலாம். அங்கே யாரும் அதைத் தாளிப்பதில்லை என்பதுதான் வித்தியாசம்.

அக்கா, ஒரு அகலத் துண்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் நடுவில் கறுப்பாக இருக்கும், குட்டைக் குட்டையாக வேர் போன்ற இழைகள் தெரியும். ஓரத்தை நெருங்கும்போது கறுப்பு மாறிப் பழுப்பாகும், அங்கே இழை இருக்காது. மேல்பக்கம் வெளிர் சாம்பல். விளிம்பு மேலே தூக்கி அலை அலையாக இருக்கும். அந்த விளிம்பில் வெள்ளை மாவு தூவியதுபோல் தெரிந்தால், அங்கங்கே கறுப்பு மயிர் நீட்டிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் பெர்லேட்டம்தான்.

ஒல்லியாகப் பிரிந்து போகும் துண்டு எவர்னியாஸ்ட்ரம் என்ற வேறு பேரினம். இப்போது அதை ஹைப்போட்ராக்கினா என்ற பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். நூல் நூலாக இருப்பது அஸ்னியா. இந்தியச் சந்தையில் விற்கப்படும் கல்பாசி இப்படிப் பல இனங்களின் கலவை என்பது ஆய்வாளர்கள் வெகுநாளாகச் சொல்லிவருவதுதான்.

செட்டிநாட்டுக்கரண்டி:
இப்போதே எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன பழுப்பு ஓரம் அப்படியே இருக்கிறது! மாவும் இருக்கிறது. இத்தனை வருடம் கையாண்ட பொருளை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்த்ததில்லை. அந்த மாவு என்ன? பூஞ்சணமா? கழுவ வேண்டுமா?

தாவரவியல்டீச்சர்:
பூஞ்சணம் இல்லை, அம்மா. அதுதான் அதன் இனப்பெருக்க வழி. கல்பாசி லைக்கென் வகையைச் சேர்ந்தது. தனி ஒரு உயிர் இல்லை. பூஞ்சை உடலைக் கட்டுகிறது, அதற்குள் ட்ரெபூக்ஸியா என்ற பச்சைப் பாசியின் செல்கள் இருந்துகொண்டு வெயிலில் சர்க்கரை தயாரிக்கின்றன. பூஞ்சை விதைத்துகள் மட்டும் தனியாகப் பறந்து போனால், விழுந்த இடத்தில் பொருத்தமான பாசி கிடைக்க வேண்டும். அதற்குப் பதிலாக இரண்டும் சேர்ந்த சின்னச் சின்ன உருண்டைகளை விளிம்பிலிருந்து உதிர்த்துவிடுகிறது. நீங்கள் பார்க்கும் மாவு அதுதான், பெயர் சொரீடியா. காற்றிலும் மழைநீரிலும் பூச்சிக் காலிலும் ஒட்டிப் போய் அடுத்த மரத்தில் அப்படியே குடியேறும்.

பதினொன்றாம் வகுப்பில் மரப்பட்டை மேல் வளர்வது கார்ட்டிகோலஸ், பாறை மேல் வளர்வது சாக்ஸிகோலஸ் என்று பாடம் நடத்துகிறோம். பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். அந்தப் பொருள் அவர்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது என்று யாரும் காட்டுவதில்லை. நான் இனி வகுப்புக்குக் கல்பாசியைக் கொண்டுபோகப் போகிறேன்.

இரண்டு உயிர் சேர்ந்தது என்பதை 1867இல் சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் சொன்னபோது அன்றைய லைக்கென் அறிஞர்களே ஏற்கவில்லை. வில்லியம் நைலாண்டர் போன்ற பெரிய ஆட்கள் கடைசிவரை எதிர்த்தார்கள். இப்போது கதை இன்னும் நீண்டிருக்கிறது. 2016இல் டோபி ஸ்ப்ரிபில்லும் குழுவினரும் பல லைக்கென்களின் மேல்தோலுக்குள் மூன்றாவதாக ஒரு ஈஸ்ட் பூஞ்சையும் இருப்பதைக் காட்டினார்கள்.

தாண்டிக்குடிவிவசாயி:
நல்ல உரையாடல். எனக்கு ஒரு கேள்வி. எங்கள் காப்பித் தோட்டத்தில் ஆரஞ்சு மரங்களிலும் நிழல் மரங்களிலும் இதேபோல் சாம்பல் நிறத்தில் அப்பிக்கொண்டிருக்கிறது. எது அதிகமாகப் படர்ந்திருக்கிறதோ அந்தக் கிளைதான் முதலில் காய்கிறது. மரத்தின் சத்தை உறிஞ்சுகிறது என்று சொல்லிச் சிலர் சுரண்டிவிடச் சொல்கிறார்கள், சுண்ணாம்பு அடிக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

கோடநாட்டுமூடுபனி:
வேண்டாம் அண்ணே. அது மரத்திலிருந்து எதையும் எடுப்பதில்லை. அடியில் இருக்கும் இழைகள் பிடித்துக்கொள்வதற்கு மட்டும்தான், செத்துப்போன வெளிப்பட்டையைத் தாண்டி உயிருள்ள பகுதிக்குள் போவதில்லை. தண்ணீர், தாது எல்லாம் மழை, பனி, காற்றிலிருந்துதான்.

காய்கிற கிளையில் அதிகம் இருப்பதற்குக் காரணம் தலைகீழானது. கிளை நலிந்து இலை உதிர்ந்ததும் வெளிச்சம் உள்ளே விழுகிறது. வேகமாக வளராத கிளையில் பட்டையும் அசையாமல் கிடக்கிறது. லைக்கெனுக்கு இதைவிட நல்ல இடம் வேறு இல்லை. ஆகவே அந்தக் கிளையில் வேரழுகலா, தண்டு துளைப்பானா என்று தேடுங்கள். சுரண்டினால் பட்டை காயமாகி வேறு நோய் உள்ளே போகும்.

நுவரெலியாவாசி:
எங்கட பக்கமும் இதே கதைதான். இலங்கை மலையுச்சியில் இருக்கும் ஹோட்டன் சமவெளியில் பட்டுப்போன மரங்கள் நிறைய நிற்கின்றன, அவை முழுக்க லைக்கென்தான். பார்க்க வருகிற ஆட்கள் இதுதான் மரத்தைக் கொன்றது என்று நினைக்கிறார்கள். நீங்கள் சொன்னபடி வெளிச்சம் விழுந்த பிறகுதான் அவை பெருகியிருக்க வேணும். பழைய தேயிலைச் செடிகளின் அடித்தண்டிலும் நல்லாப் படர்ந்திருக்கும். இலங்கையின் லைக்கென்களைப் பேராதனைத் தோட்டத்தில் இருந்த த்வெய்ட்ஸ் சேகரித்து அனுப்ப, 1869இல் லெய்ட்டன் என்பவர் விவரித்து வெளியிட்டார். எங்கட வீட்டில் சமையலுக்குப் போடுகிற பழக்கம் இல்லை. இந்த உரையாடலைப் படித்த பிறகு ஒருமுறை போட்டுப் பார்க்க ஆசை வந்திருக்கிறது.

புதுச்சேரிப்பையன்:
சேகரிப்பு என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நீலகிரியின் லைக்கென்களையும் மாஸ்களையும் (ஈரமான இடங்களில் பச்சையாகப் படரும் சிறு செடிகள்) பூஞ்சைகளையும் முதலில் பெரிய அளவில் திரட்டியவர்களில் ஒருவர் எங்கள் ஊரோடு தொடர்புள்ள பெரோட்டே. பிரெஞ்சுத் தாவரவியலாளர், புதுச்சேரியில் வாழ்ந்து 1870இல் இங்கேயே இறந்தார். அவர் நீலகிரியில் எடுத்தவற்றை மோந்தாஞ் என்பவர் பாரிஸில் இருந்தபடி 1842இல் பட்டியலிட்டு வெளியிட்டார். ஊட்டி என்றால் மலைரயில் மட்டும்தான் என்று இருக்கிறோம், அந்தக் காட்டின் மரப்பட்டையை அத்தனை உன்னிப்பாகப் பார்த்த ஆள் எங்கள் தெருக்களில் நடந்திருக்கிறார்.

சேலத்துநளன்:
மலையிலேயே இவ்வளவு இருக்கிறது என்றால் நாமே போய் எடுத்துக்கொள்ளலாமே? அடுத்த மாதம் கொடைக்கானல் போகிறோம். ஒரு பை நிறையச் சுரண்டினால் இரண்டு வருடத்துக்குக் காணும்.

கோடநாட்டுமூடுபனி:
தயவுசெய்து செய்யாதீர்கள். மூன்று காரணம் இருக்கிறது, மூன்றும் எனக்கு முக்கியம்.

ஒன்று, சட்டம். ஒதுக்குக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் எதையும் எடுப்பது குற்றம். முக்கூர்த்தி போன்ற தேசியப் பூங்காவில் கேட்கவே வேண்டாம். காட்டில் வாழும் பழங்குடியினருக்குச் சிறுவனப் பொருள்களின் மேல் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் உரிமை தருகிறது. சுற்றுலா வருபவருக்கு அந்த உரிமை கிடையாது.

அடுத்தது வேகம். இந்த மாதிரி இலை வடிவ லைக்கென்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் விரியும். ஆண்டுக்கு 4 மில்லிமீட்டர் என்று வைத்தால்கூட, நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் 4 சென்டிமீட்டர் போகப் பத்து வருடம். உள்ளங்கை அளவு துண்டு ஒன்றை நகத்தால் பெயர்க்க ஒரு நிமிடம் ஆகாது. நீங்கள் சொல்லும் ஒரு பை என்பது பல மரங்களின் பல வருடம்.

மூன்றாவது, அதைச் சார்ந்திருக்கும் மற்ற உயிர்கள். மின்சிட்டு கூடு கட்டும்போது சிலந்திநூல் வைத்து வெளிப்புறம் முழுக்க லைக்கென் துணுக்குகளை ஒட்டிவிடும். கிளையோடு கிளையாகத் தெரியும், பக்கத்தில் போனாலும் கண்டுபிடிக்க முடியாது. மரப்பட்டை நிறத்திலேயே இருக்கும் பூச்சிகள், சிலந்திகள் என்று அந்த மெல்லிய அடுக்குக்குள் ஒரு உலகமே ஓடுகிறது.

தாவரவியல்டீச்சர்:
நான்காவதாக ஒன்று சேர்க்கிறேன், இது உடம்பு சம்பந்தப்பட்டது. லைக்கெனுக்கு வேர் கிடையாது, இலைகளுக்கு இருப்பதுபோல் மெழுகுப் பூச்சும் கிடையாது. காற்றில் என்ன வந்தாலும் உடல் முழுவதாலும் வாங்கிக்கொள்ளும், எளிதில் வெளியே விடாது. மலைச்சாலையோர மரத்தில் எடுத்தால் வண்டிப்புகையில் இருந்த உலோகங்களும் சேர்ந்து வரும். கொடைக்கானலிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. அங்கே 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையிலிருந்து பாதரசம் எப்படிப் பரவியது என்று அறிய, ஐதராபாத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் மரங்களிலிருந்த லைக்கென்களையும் மாஸ்களையும்தான் அளந்தார்கள். 2003இல் வெளியான ஆய்வு அது. காற்று வழியாகப் போன பாதரசத்தை அவை பிடித்து வைத்திருந்தன.

செர்னோபில் விபத்து 1986இல் நடந்தபோது ஸ்கேண்டிநேவியாவில் தரையில் வளரும் லைக்கென்கள் கதிரியக்கச் சீசியத்தை வாங்கிக்கொண்டன. அதை மேய்ந்த கலைமான்களின் (ரெயின்டீர்) இறைச்சியை விற்க முடியாமல், அவற்றை வளர்க்கும் சாமி என்ற பழங்குடி மக்கள் பெரிய இழப்பைச் சந்தித்தார்கள்.

அப்புறம், எல்லா லைக்கெனும் சாப்பிடக்கூடியது அல்ல. வடக்கு நாடுகளின் ஊசியிலை மரங்களில் வளரும் லெத்தாரியா வல்பினா என்ற மஞ்சள் லைக்கெனை ஓநாய்க்கு விஷமாக வைத்தார்கள். அஸ்னியாவில் இருக்கும் அஸ்னிக் அமிலத்தை உடல் எடை குறைக்கும் மாத்திரையில் சேர்த்து விற்று, சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் கெட்டு, 2001இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. செட்டிநாட்டுக்கரண்டி அம்மா, நூல் நூலாக இருப்பதைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள் என்பேன். குழம்பில் விழும் அளவு சிறியதுதான், இருந்தாலும் தெரிந்தே ஏன் சேர்க்க வேண்டும்?

சேலத்துநளன்:
சரி, புரிந்தது. எடுக்க மாட்டேன், படம் மட்டும் எடுத்து வருகிறேன். ஆனால் ஒரு சந்தேகம். சேலத்தில் மரம் இல்லையா, மழை இல்லையா? கீழே சமவெளியில் இது ஏன் வளர்வதில்லை? அங்கே வளர்ந்தால் தோட்டம் போட்டே எடுத்துவிடலாமே.

தாவரவியல்டீச்சர்:
அருமையான கேள்வி, பலர் மழை மட்டும்தான் காரணம் என்று நினைக்கிறார்கள்.

லைக்கெனால் தன் உடலில் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ள முடியாது. சுற்றிலும் ஈரம் இருந்தால் நனையும், இல்லையென்றால் அப்பளம் மாதிரி காய்ந்துவிடும். காய்ந்த நிலையில் சாவதில்லை, எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுச் சும்மா கிடக்கும். மறுபடி மூடுபனி தொட்டால் கொஞ்ச நேரத்திலேயே பச்சை ஏறி ஒளிச்சேர்க்கை தொடங்கும். ஆகவே அதற்கு வேண்டியது வெளிச்சமும் ஈரமும் ஒரே நேரத்தில் கிடைப்பது. குளிர்ந்த மலையில் காலையில் பனி, மதியம் மேகம் என்று அது வாய்க்கிறது.

சமவெளியில் வெயில் ஏறுவதற்குள் காய்ந்துவிடும். ஈரம் கிடைப்பது இரவில். நனைந்திருக்கும்போது அது மூச்சு விடும், அதாவது சேர்த்து வைத்த சர்க்கரையை எரிக்கும். இரவு வெதுவெதுப்பாக இருந்தால் அந்த எரிப்பு வேகமாக நடக்கும். பகலில் சம்பாதித்ததைவிட இரவில் செலவு அதிகம். தாழ்வான வெப்பமண்டலக் காடுகளில் அவ்வளவு மழை பெய்தும் பெரிய இலை வடிவ லைக்கென்கள் குறைவாக இருப்பதற்கு இதை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். மேலே போகப் போக இரவு குளிர்கிறது, செலவு குறைகிறது, லைக்கென் பெருக்கிறது. சேர்வராயன் மலை ஏறும்போதே வித்தியாசத்தைப் பார்க்கலாம், கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் மரத்தின் நிறம் மாறிக்கொண்டே வரும்.

தோட்டம் போடுவது பற்றி: ஆய்வகத்தில் பூஞ்சையையும் பாசியையும் தனித்தனியே வளர்க்கிறார்கள், சேர்த்து உருவாக்கவும் முயன்றிருக்கிறார்கள். மளிகைக்கடைக்கு மூட்டை அனுப்பும் அளவுக்கு யாரும் வளர்க்கவில்லை. நாம் வாங்கும் கல்பாசி முழுவதும் காட்டிலிருந்து எடுத்ததுதான்.

குறிஞ்சிநேசன்:
அப்படியென்றால் கல்பாசி வாங்குவதையே நிறுத்த வேண்டும். காட்டிலிருந்து மட்டுமே வருகிறது, பத்து வருடம் வளர்கிறது, வளர்க்கவும் முடியாது. இதைவிட என்ன தெரிய வேண்டும்? ஒரு வாசனைக்காக மரத்தையெல்லாம் மொட்டையடிக்கிறோம்.

குமாவுன்தமிழன்:
வேலைக்காக உத்தராகண்டில் நைனிடால் மாவட்டத்தில் இருக்கிறேன், நேரில் பார்ப்பதைச் சொல்கிறேன். இங்கே இதற்கு ஜூலா என்று பெயர். கருவாலி (ஓக்) மரக் காடுகளில், குறிப்பாகப் பாஞ்ச் என்று இவர்கள் சொல்லும் கருவாலியில், ஏராளமாக வளர்கிறது. கிராமத்துப் பெண்கள் மாட்டுத் தீவனத்துக்கும் விறகுக்கும் கிளை வெட்டும்போது அதிலிருக்கும் ஜூலாவைப் பிரித்துச் சாக்கில் கட்டுகிறார்கள். காற்றில் விழுந்த கிளைகளிலும் எடுப்பார்கள். இந்த மாநிலத்தில் ராம்நகர், தனக்பூர், ரிஷிகேஷ் ஆகிய ஊர்களில் வனப்பொருள் மண்டிகள் இருக்கின்றன. மசாலாவுக்கு மட்டும் போவதில்லை. கன்னோஜில் அத்தர் காய்ச்சுபவர்களும் வாங்குகிறார்கள், யுனானி மருந்துக் கடைகளிலும் சரீலா என்ற பெயரில் கிடைக்கும்.

குறிஞ்சிநேசன் அவர்களுக்கு: எப்படியும் வெட்டப்பட்ட கிளை, எப்படியும் விழுந்த கிளை. அதிலிருப்பதை எடுக்காவிட்டால் தரையில் மக்கப் போகிறது. அந்தப் பணம் இந்தப் பெண்களின் கைக்கு நேராகப் போகிற சொற்ப வருமானங்களில் ஒன்று. நாம் வாங்காவிட்டால் காடு பிழைத்துவிடும் என்று நான் நம்பவில்லை. காட்டிலிருந்து எதுவும் கிடைக்காதவனுக்குக் காட்டைக் காக்க என்ன காரணம் இருக்கும்?

குறிஞ்சிநேசன்:
விழுந்த கிளையில் மட்டும்தான் எடுக்கிறார்கள் என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா?

குமாவுன்தமிழன்:
முடியாது. நின்றுகொண்டிருக்கும் மரத்தில் அடிமரத்தைச் சுரண்டி எடுப்பதையும் பார்த்திருக்கிறேன். விலை ஏறும்போது அது கூடுகிறது. வெளியாட்கள் வந்து எடுக்கும் இடங்களில் இன்னும் மோசம். ஊர் மக்களே காட்டை நிர்வகிக்கும் வன் பஞ்சாயத்து உறுதியாக நிற்கும் ஊர்களில் யார், எப்போது, எவ்வளவு எடுக்கலாம் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அந்த அமைப்புக்கு 1931லிருந்தே சட்ட அங்கீகாரம் உண்டு. நல்லபடி நடக்கும் ஊரும் இருக்கிறது, பெயருக்கு நடக்கும் ஊரும் இருக்கிறது.

கோடநாட்டுமூடுபனி:
இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு எடுக்கலாமா கூடாதா என்பதைவிட மரத்தின் எந்த இடத்திலிருந்து, எவ்வளவு விட்டுவைத்து எடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. மேல்கிளைகளில் இருப்பவை எப்படியும் கிளையோடு விழுந்து புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அடிமரத்தில் இருப்பவைதான் வயதானவை. அந்த மரத்துக்கும் பக்கத்து மரங்களுக்கும் சொரீடியாவை உதிர்த்துக்கொண்டிருப்பவை. பட்டையோடு செதுக்கிவிட்டால் விதைக்க ஆள் இல்லாமல் போகும். துண்டு துண்டாக விட்டு எடுத்தால் மீதியிலிருந்து மறுபடி படரும்.

பழைய மரம் நிற்பதும் அதே அளவு முக்கியம். எங்கள் நீலகிரியில் 1843 முதல் கற்பூர மரத்தை, அதாவது யூகலிப்டஸைக் கொண்டுவந்து நட்டார்கள், வாட்டில் எனப்படும் சீகையையும் நட்டார்கள். கற்பூர மரம் பட்டையை நீள நீளமாக உரித்துப் போட்டுக்கொண்டே இருக்கும். பட்டையே தங்காத மரத்தில் லைக்கென் எங்கே தங்கும்? சோலையின் ஓரத்தில் நின்று பாருங்கள். இந்தப் பக்கம் ஒவ்வொரு அங்குலமும் நிறைந்த காட்டுப்பூவரசு, அந்தப் பக்கம் வழவழவென்று வெறும் மரம். கல்பாசியைக் காப்பாற்ற வேண்டும் என்றால் சோலையும் கருவாலிக் காடும் நிற்க வேண்டும். மசாலாக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

அக்காவின் முதல் கேள்விக்கே இதில் ஒரு விடை இருக்கிறது. உங்கள் மூட்டையில் ஒட்டியிருக்கும் பட்டையைக் கவனியுங்கள். விரல் தடிமன் சுள்ளியோடு, மெல்லிய பட்டையோடு வந்திருந்தால் கிளையில் எடுத்தது. தடித்த, வெடிப்புள்ள பட்டைச் செதிலோடு வந்திருந்தால் அடிமரத்தில் செதுக்கியது.

செட்டிநாட்டுக்கரண்டி:
மூட்டை முழுவதையும் கொட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஒல்லியான துண்டுகள் எல்லாமே சுள்ளியோடு வந்திருக்கின்றன. பட்டைச் செதில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் அகலத் துண்டுகளில்தான், அதுவும் நல்ல பெரிய துண்டுகளில். அதாவது கடையில் முதல் ரகம் என்று நான் கேட்டு வாங்கியவை.

மளிகைத்தம்பி:
அக்கா சொல்வது என்னை யோசிக்க வைக்கிறது. பெரிய துண்டுக்கு நாங்கள் கூடுதல் விலை தருகிறோம், வாங்குபவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். அரைத்த பிறகு பெரிய துண்டு, சின்னத் துண்டு என்ன வித்தியாசம் இருக்கிறது? வாசனையில் ஏதாவது உண்டா?

செட்டிநாட்டுக்கரண்டி:
என் அனுபவத்தில் வித்தியாசம் இல்லை. பச்சையாக மோந்தால் இரண்டிலும் மண்வாசனை லேசாகத்தான் இருக்கும். சூடான எண்ணெயில் விழுந்த பிறகுதான் அந்தப் புகைவாசம் எழும்பும். கல்பாசியைக் கூடுதலாகப் போட்டால் கசப்புத் தட்டும், நல்ல சமையல்காரர் யாரும் அள்ளிப் போட மாட்டார். கோழிக் குழம்புக்கு இரண்டு விரலால் கிள்ளுகிற அளவு தாராளம். பொடிக்கு அரைப்பவர்கள் பொடிந்த ரகத்தையே வாங்கலாம், மண் போகச் சலித்துக்கொண்டால் போதும். பார்வைக்கு அகலமாக இருக்க வேண்டும் என்பது நாமாக ஏற்படுத்திக்கொண்டது.

நான் அடுத்த முறை சுள்ளியோடு இருக்கும் சரக்கையே கேட்கப் போகிறேன். தம்பி, உங்களால் அப்படி வாங்கித் தர முடியுமா?

மளிகைத்தம்பி:
மண்டிக்காரரிடம் கேட்டுப் பார்க்கிறேன் அக்கா. கிளைச் சரக்கு என்று தனியாகப் பிரித்து அனுப்பச் சொன்னால் சுத்தம் செய்யும் கூலி கூடும். அதற்கு நீங்கள் தயாரா?

செட்டிநாட்டுக்கரண்டி:
தயார். சுத்தம் செய்வதை நானே பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் பிரிக்காமல் அப்படியே கொடுங்கள்.

குறிஞ்சிநேசன்:
நிறுத்த வேண்டும் என்ற என் கருத்து முழுதாக மாறவில்லை. ஆனால் அடிமரத்துச் சரக்குக்கு விலை குறைந்தால் சுரண்டுவது குறையும் என்பதை ஏற்கிறேன். குமாவுன்தமிழன், கிளையில் எடுக்கும் பெண்களுக்கே நேராகப் பணம் போகும் வழி இருந்தால் இங்கே எழுதுங்கள்.

குமாவுன்தமிழன்:
பக்கத்து ஊர் வன் பஞ்சாயத்துத் தலைவரிடம் பேசிவிட்டு எழுதுகிறேன். இங்கே பனி கொட்டுகிறது, பாதை திறந்ததும் போவேன்.

நீட்மாணவி:
டீச்சர், லைக்கென் இருந்தால் காற்று சுத்தம் என்று படித்திருக்கிறேன். ஆனால் எங்கள் கோயம்புத்தூர் வீட்டு மாமரத்திலும் சாம்பல் திட்டு இருக்கிறதே? பேருந்து நிலையம் பக்கத்திலேயேதான் வீடு.

தாவரவியல்டீச்சர்:
எந்த லைக்கென் என்பதைப் பொறுத்தது, கண்ணு. பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடக்கும் திட்டு வகைகள் பல, கந்தகப் புகையையும் தூசியையும் ஓரளவு தாங்கும். இலை வடிவம் அதைவிடக் குறைவாகத் தாங்கும். தொங்கும் அஸ்னியா வகைகளால் பொதுவாகத் தாங்கவே முடியாது. பாரிஸில் லக்சம்பர்க் தோட்டத்து மரங்களில் லைக்கென் இருப்பதையும் நகரின் மற்ற இடங்களில் இல்லாமல் போவதையும் 1866இல் கவனித்து எழுதியவர் மேலே நான் சொன்ன அதே நைலாண்டர். ஷ்வெண்டனர் விஷயத்தில் அவர் கருத்து நிற்கவில்லை, இந்த விஷயத்தில் நிலைத்து நின்றுவிட்டது. அப்புறம் 1970இல் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் என்ற இருவர், மரப்பட்டையில் எந்தெந்த லைக்கென் இருக்கிறது என்பதை வைத்தே காற்றில் உள்ள கந்தக டைஆக்சைடை மதிப்பிட ஓர் அளவுகோல் செய்தார்கள். இங்கிலாந்துக்குச் செய்தது அது, நம் ஊர் மரத்துக்கு அப்படியே பொருந்தாது.

உன் மாமரத்துத் திட்டைப் படம் எடுத்துப் போடு, பார்ப்போம்.

சேலத்துநளன்:
நானும் கொடைக்கானலில் படம் எடுத்து வருவதாகச் சொல்லியிருந்தேன். படத்தை வைத்து இனம் சொல்லிவிட முடியுமா?

கோடநாட்டுமூடுபனி:
மேல்பக்கத்தை மட்டும் எடுத்தால் முடியாது. பார்மோட்ரீமாவிலேயே பல இனம் ஒரே மாதிரி இருக்கும். நம் மலைகளில் மிகச் சாதாரணமான டிங்க்டோரம் என்ற இனத்தையும் கல்பாசி என்றே விற்கிறார்கள். அதன் விளிம்பில் மயிர் இருக்காது. மாவுக்குப் பதிலாக மேல்பக்கம் முழுக்கக் குட்டிக் குட்டி முளைகள் இருக்கும், தடவினால் சொரசொரவென்று தெரியும். வீட்டிலிருக்கும் துண்டில் சோதிக்க வேண்டும் என்றால், மேல்தோலைக் கத்தி நுனியால் கொஞ்சம் சுரண்டி உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியில் துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவம் ஒரு துளி வையுங்கள். டிங்க்டோரம் உடனே சிவக்கும், லெக்கனோரிக் அமிலம் இருப்பதால். பெர்லேட்டம் நிறம் மாறாது. சோதித்த துண்டைக் குப்பையில் போட்டுவிடுங்கள், சமையலுக்கு வேண்டாம்.

காட்டில் எதையும் பெயர்க்காமல் படம் எடுக்க ஒரு வழி: விளிம்பு தானாகவே மேலே தூக்கியிருக்கும் இடமாகப் பாருங்கள். கைப்பேசியைப் பட்டையோடு ஒட்டிப் பக்கவாட்டில் வைத்தால் அடிப்பக்கத்துக் கறுப்பும் பழுப்பு ஓரமும் மயிரும் ஒரே படத்தில் வந்துவிடும். எந்த மரம், அடிமரமா கிளையா, ஏறத்தாழ என்ன உயரம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நனைந்திருந்தால் பச்சையாகத் தெரியும், முடிந்தால் காய்ந்த பிறகு இன்னொரு படமும் எடுங்கள்.